டெபியனில் மென்பொருளின் புதிய பதிப்பைக் கேட்பது எப்படி?

உங்கள் கணினியில் டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளம் ஓடுகிறது. அன்றாடம் கைபழகிய ஒரு மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டதாகச் செய்தி படிக்கிறீர்கள். ஆவலோடு புதுப்பித்துப் பார்த்தால் பழைய எண்ணே நிற்கிறது. மறுவாரமும் அதே எண், அடுத்த மாதமும் அதே எண். யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

தாராளமாகக் கேட்கலாம். டெபியனில் அதற்கென்றே ஒரு வழி பல்லாண்டுகளாக இருக்கிறது. பணம் வேண்டாம், உறுப்பினராகச் சேர வேண்டாம், ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். ஆனால் உங்கள் மடலைப் பிரித்துப் படிக்கப்போகிறவர் பெரும்பாலும் தம் வேலைநேரம் போக மிஞ்சிய பொழுதில் உழைக்கும் ஒரு தன்னார்வலர். "புதிய பதிப்பு வந்துவிட்டது" என்ற செய்தி அவருக்குப் பெரும்பாலும் முன்பே தெரியும். உங்களுக்கு அது எதற்காகத் தேவைப்படுகிறது என்பதுதான் தெரியாது. நான் முதன்முதலில் அனுப்பிய வேண்டுகோள் இரண்டே வரி; பதிப்பு எண்ணைத் தவிர அதில் ஒன்றுமில்லை. பதிலும் வரவில்லை. இன்று அதைத் திரும்பப் படிக்கும்போது, பதில் எழுத அதில் என்ன இருந்தது என்றே தோன்றுகிறது.

மேல்மடையிலிருந்து கடைமடை வரை

மென்பொருளை எழுதுகிற மூலக் குழுவை டெபியன்காரர்கள் 'அப்ஸ்ட்ரீம்' என்பார்கள். பாசனம் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொன்னால் மேல்மடை. அங்கே திறந்துவிட்ட தண்ணீர் கடைமடையில் இருக்கும் உங்கள் கணினிக்கு நேராக வந்து சேர்வதில்லை. நடுவில் மூன்று மதகுகள் உண்டு.

அந்த மென்பொருளை டெபியனுக்காகக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர், புதிய பதிப்பைப் பொதியாகக் (நிறுவத் தயாரான கட்டு, 'பேக்கேஜ்') கட்டி முதலில் 'அன்ஸ்டேபிள்' என்னும் கிளையில் ஏற்றுகிறார். அங்கே அது வழக்கமாக 2, 5 அல்லது 10 நாள் தங்கும். எத்தனை நாள் என்பது ஏற்றும்போது குறிக்கப்பட்ட அவசரத்தைப் பொறுத்தது. அதற்குள் பெரிய வழு (பிழை) எதுவும் பதிவாகாமல், டெபியன் ஆதரிக்கும் எல்லா வகைக் கணினிகளுக்கும் பொதி சரியாகத் தொகுக்கப்பட்டால் (கம்பைல் ஆனால்) அடுத்த கிளையான 'டெஸ்டிங்'குக்குத் தானாக நகரும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த டெஸ்டிங்கை உறையவைத்து, சீர்செய்து, 'ஸ்டேபிள்' என்ற பெயரில் வெளியிடுகிறார்கள். 2023 ஜூன் 10 அன்று வந்த 12ஆம் வெளியீட்டுக்குப் பெயர் புக்வார்ம். 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த 13ஆம் வெளியீடு ட்ரிக்ஸி.

ஸ்டேபிள் வெளியான பிறகு அதிலுள்ள பொதிகளின் பதிப்பு எண் பெரும்பாலும் மாறாது. மாறாமல் இருப்பதற்காகவே அதைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மருத்துவமனையின் சர்வரோ கல்லூரி ஆய்வகமோ காலையில் திறந்தால் நேற்றுப்போலவே இயங்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, குரோமியம் போன்ற உலாவிகள் இதற்கு விலக்கு. பழைய உலாவியைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது நடைமுறையில் முடியாது என்பதால் அவற்றுக்குப் புதிய பதிப்பையே தருகிறார்கள்.

ஆகவே "ட்ரிக்ஸியில் இந்தப் பதிப்பை ஏற்றுங்கள்" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். நீங்கள் கேட்க வேண்டியது அன்ஸ்டேபிளுக்கு. அங்கிருந்து அது கீழே இறங்க வேறொரு வாய்க்கால் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள்

முனையத்தைத் (டெர்மினல்) திறந்து, பொதிகளை நிறுவும் கருவியான ஆப்டில் முதலில் பட்டியலைப் புதுப்பியுங்கள். பிறகு ஆப்ட் கட்டளையோடு பாலிசி என்ற சொல்லையும் பொதியின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களிடம் நிறுவியிருக்கும் பதிப்பு எது, பொதிகளைத் தரும் உங்கள் களஞ்சியங்களில் கிடைக்கும் பதிப்பு எது என்று இரண்டு வரிகளில் தெரிந்துவிடும். வியப்பாக இருக்கலாம், பலருடைய சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. புதிய பதிப்பு ஏற்கெனவே வந்திருக்கும். இவர்கள் பட்டியலைப் புதுப்பிக்காமல் இருந்திருப்பார்கள்.

அங்கே தெரியும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். புக்வார்ம் வெளியானபோது அதிலிருந்த விம் என்னும் உரைத்தொகுப்பியின் பதிப்பு 2:9.0.1378-2. நடுவிலுள்ள 9.0.1378 மூலக் குழு வைத்த எண். கடைசியிலுள்ள 2, அதே மூலத்தை டெபியன் எத்தனையாவது முறை பொதியாகக் கட்டியது என்பதைச் சொல்கிறது. முன்னாலிருக்கும் '2:' என்பது எண்ணும் முறை மாறியபோது வரிசை குழம்பாமல் இருக்க வைத்த குறி. அதைப் பொருட்படுத்த வேண்டாம். மூலக் குழுவின் எண்ணோடு ஒப்பிட வேண்டியது நடுப்பகுதியை மட்டும்தான்.

சில எண்களின் வாலில் 'டெப்12யு1' என்பது போன்ற ஒட்டு இருக்கும். இதைப் புரிந்துகொள்வது மிக முக்கியம். ஸ்டேபிள் வெளியான பிறகு அந்தப் பொதியில் ஏதோ திருத்தம் செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தம், என்று அதற்குப் பொருள். டெபியனின் பாதுகாப்புக் குழு புதிய பதிப்பிலுள்ள திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் தைத்துவிடும். எண் பழையதாகத் தெரியும், ஓட்டை அடைபட்டிருக்கும். "எண் பழையது, ஆகவே ஆபத்து" என்று பதறி எழுதப்படும் வேண்டுகோள்கள் ஏராளம். அப்படி எழுதுவதற்கு முன் டெபியனின் பாதுகாப்புக் கண்காணிப்புத் தளத்தில் அந்தக் குறைபாட்டின் சிவிஇ எண்ணைக் (பாதுகாப்புக் குறைபாடு ஒவ்வொன்றுக்கும் தரப்படும் பொது அடையாள எண்) கொடுத்துத் தேடுங்கள். எந்தக் கிளையில் சரியாகிவிட்டது, எதில் இன்னும் இல்லை என்று தனித்தனியாகக் காட்டும்.

பராமரிப்பாளருக்குத் தெரிந்ததை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்

டெபியனில் ஒவ்வொரு பொதிக்கும் 'டிராக்கர்' தளத்தில் ஒரு பக்கம் உண்டு. என்னைக் கேட்டால், புதியவர் ஒருவர் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும். எந்தக் கிளையில் எந்தப் பதிப்பு இருக்கிறது, பராமரிப்பவர் யார், கடைசியாக எப்போது ஏற்றினார், திறந்திருக்கும் வழுக்கள் எத்தனை என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மூலக் குழு புதிய பதிப்பை வெளியிட்டிருந்தால் அந்தச் செய்தியும் பெரும்பாலான பொதிகளுக்கு அங்கே தானாகவே தோன்றும். பொதிக்குள் 'வாட்ச்' என்ற சிறு கோப்பு இருக்கிறது. மூலக் குழுவின் தளத்தை எங்கே பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார்கள். 'யூஸ்கேன்' என்ற கருவி அதைப் படித்துத் தேடிச் சொல்லிவிடும்.

அந்தப் பக்கத்தில் நான்கு செய்திகளைத் தேடுங்கள். புதிய பதிப்பு 'எக்ஸ்பெரிமென்டல்' என்னும் சோதனைக் கிளையில் ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதை எடுத்துச் சோதித்துச் சொல்வதுதான் பயனுள்ள உதவி. அன்ஸ்டேபிளில் ஏறி, டெஸ்டிங்குக்கு நகராமல் முட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் காரணமும் அங்கேயே எழுதியிருக்கும். நிரலைச் சேர்த்து வைத்துப் பலர் கூடிப் பணிசெய்யும் சல்சா என்ற டெபியனின் கிட்லேப் தளத்தில், பொதியின் நிரல் களஞ்சியத்தில் அண்மையில் ஏதாவது அசைந்திருக்கிறதா? நான்காவதாக, இதே வேண்டுகோளை வேறு யாராவது முன்பே வைத்திருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்பது விடையானால் புதிதாக ஒன்று பதிய வேண்டாம். இருப்பதற்கே பதில் எழுதுங்கள், ஆனால் "எனக்கும் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். முன்பு எழுதியவர் சொல்லாத ஒரு தகவல் உங்களிடம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

காலத்தையும் பாருங்கள். ட்ரிக்ஸிக்காக டெஸ்டிங்கை உறையவைக்கும் பணி 2025 மார்ச் 15 அன்று தொடங்கி, வெளியீடு வரை படிப்படியாக இறுகியது. அத்தகைய மாதங்களில் பெரிய மாற்றங்களை யாரும் ஏற்றமாட்டார்கள். அப்போது கேட்பதைவிட வெளியீடு முடிந்து சில வாரங்கள் கழித்துக் கேட்பது நல்லது.

ஏன் தாமதமாகிறது

சோம்பல் காரணமாக இருப்பது அரிது. புதிய பதிப்புக்குத் தேவையான ஏதோவொரு நூலகம் (பிற நிரல்கள் பயன்படுத்தும் பொது நிரல் தொகுப்பு) டெபியனிலேயே இல்லாமல் இருக்கலாம். அதை முதலில் பொதியாக்கினால்தான் இது நகரும். அப்படிப் புதிய பெயரில் வரும் பொதிகள், களஞ்சியக் காப்பாளர்கள் உரிமத்தையும் உள்ளடக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஒரு நூலகத்தின் இடைமுகம் மாறிவிட்டால் அதைச் சார்ந்த நூற்றுக்கணக்கான பொதிகளை மறுபடியும் தொகுக்க வேண்டியிருக்கும். மூலக் குழு ஒரு கோப்பின் உரிமத்தை மாற்றியிருந்தால், 1997இல் டெபியன் தனக்கு வகுத்துக்கொண்ட கட்டற்ற மென்பொருள் நெறிகளுக்கு அது பொருந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். இவற்றில் எது தடை என்று கண்டுபிடித்து உங்கள் மடலில் ஒரு வரி எழுதினால், அந்த மடல் உடனே தனித்துத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2024 மார்ச் 25 அன்று டெபியனின் வழுப்பதிவுத் தளத்துக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.1 பதிப்பை ஏற்றுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். பணிவான மடல், பொதியும் கட்டித் தயாராக வைத்திருந்தார். அவருக்கு ஆதரவாக வேறு சில பெயர்களும் வந்து அழுத்தம் கொடுத்தன. நான்கே நாளில், மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் உண்மையை வெளியிட்டார். தம் டெபியன் அன்ஸ்டேபிள் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிக்கொண்டே போயிருந்தார் அவர். 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளிலும் திருட்டு வாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. டெபியனின் அன்ஸ்டேபிள், டெஸ்டிங் கிளைகளில் அந்த நிரல் ஏறியிருந்தது. ஸ்டேபிளுக்கு வரவில்லை. உடனே பழைய நிரலுக்குத் திரும்பினார்கள். ஆனால் களஞ்சியத்தில் எண் பின்னோக்கிப் போக முடியாதே. ஆகவே 5.6.1+ரியலி5.4.5-1 என்ற விசித்திரமான எண்ணோடு ஒரு பொதி வந்தது. வெளியே 5.6.1, உள்ளே உண்மையில் 5.4.5.

இதைப் படித்துவிட்டு, கேட்பதே தவறோ என்று தயங்க வேண்டாம். ஆனால் அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு குறிப்பிட்ட பதிப்பை அவசரமாகக் கேட்டால் பராமரிப்பாளர் ஒரு கணம் நின்று யோசிப்பது இயல்பு. அவசரப்படுத்தும் சொற்கள் உங்களுக்கு எதிராகவே வேலைசெய்யும். உங்கள் தேவையைத் தெளிவாக, சரிபார்க்கத்தக்க விதத்தில் சொல்லுங்கள். அவர் தம் வேகத்தில் பார்க்கட்டும்.

வேண்டுகோளை எழுதுவது

வேண்டுகோளை டெபியனின் வழுப்பதிவுத் தளத்துக்கு எழுத எளிய வழி 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி. இல்லையென்றால் ஆப்ட் மூலம் நிறுவிக்கொள்ளலாம். முனையத்தில் அதன் பெயரையும் பொதியின் பெயரையும் கொடுத்தால் கேள்வி கேட்டுக்கொண்டே உங்களை அழைத்துச் செல்லும். அந்தப் பொதிக்கு ஏற்கெனவே பதிவான வழுக்களைக் காட்டும். களஞ்சியத்தில் புதிய பதிப்பு இருந்தால் அதையும் சொல்லும். உங்கள் கணினியின் விவரங்களைத் தானே சேர்த்துக்கொள்ளும். கருவி வேண்டாம் என்றால் மின்னஞ்சலாகவே அனுப்பலாம். மடலின் தொடக்கத்தில் பொதியின் பெயர், பதிப்பு, தீவிரம் ஆகிய மூன்றையும் தளம் கேட்கும் வடிவில் தனித்தனி வரிகளாக எழுத வேண்டும்.

அனுப்பும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தத் தளத்தில் எழுதுவது எல்லாம் பொதுப் பார்வைக்கு உரியது. உங்கள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அங்கே நிலைத்து நிற்கும். ஆகவே அதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்வது நல்லது. கருவி சேர்க்கும் கணினி விவரங்களையும் ஒருமுறை கண்ணோட்டிப் பாருங்கள்.

தீவிரம் என்ற இடத்தில் 'விஷ்லிஸ்ட்' என்று குறிக்க வேண்டும். அது விருப்பப் பட்டியல். புதிய பதிப்பு வேண்டும் என்ற கோரிக்கைக்கு உரிய இடம் அதுதான். கவனத்தை ஈர்க்கலாம் என்று மேலான தீவிரத்தைக் குறித்தால், அந்தப் பொதி டெஸ்டிங்கிலிருந்தே நீக்கப்படும் நிலைகூட வரலாம். இப்போதுள்ள பதிப்பு உண்மையிலேயே உங்கள் தரவை அழிக்கிறது என்றால், அந்த வழுவைத் தனியாக, அதற்குரிய தீவிரத்தோடு பதியுங்கள். அதைப் பதிப்பு வேண்டுகோளுக்குள் புதைக்காதீர்கள்.

மடலை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இலக்கணம் பிசகினால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து வரும் ஆங்கிலத்தைப் படித்துப் பழகியவர்கள். தலைப்பில் பொதியின் பெயரும் உங்களுக்கு வேண்டிய பதிப்பும் இருந்தால் போதும். உள்ளடக்கத்தின் சாரம் இப்படி இருக்கட்டும் (எண்கள் கற்பனை):

"வணக்கம். அன்ஸ்டேபிளில் இப்போது 2.4 இருக்கிறது, மூலக் குழு 2.6ஐ வெளியிட்டிருக்கிறது. 2.4இல் தமிழ் எழுத்துகளில் பெயரிட்ட கோப்பைத் திறந்தால் நிரல் நின்றுவிடுகிறது. 2.6இன் மாற்றக் குறிப்பில் இது சரிசெய்யப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். மூல நிரலிலிருந்து 2.6ஐத் தொகுத்து என் கணினியில் ஓட்டினேன், கோப்பு திறக்கிறது. புதிய நூலகம் எதுவும் தேவைப்படவில்லை. நீங்கள் ஏற்றினால் மறுநாளே சோதித்துச் சொல்கிறேன். இந்தப் பொதியைப் பராமரிப்பதற்கு நன்றி."

என்ன இருக்கிறது, என்ன வேண்டும், ஏன் வேண்டும், எதைச் சோதித்தேன், எதைச் செய்யத் தயார் என்பவை எல்லாம் இதில் வந்துவிட்டன. இதைப் படிப்பவர் வேறெங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. மூலத்திலிருந்து தொகுக்கத் தெரியாவிட்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள். செய்யாததைச் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள்.

மென்பொருளே டெபியனில் இல்லை என்றால் இந்த வழி பொருந்தாது. அதற்கு 'ஆர்எஃப்பி' எனப்படும் தனி வகை வேண்டுகோள் இருக்கிறது. ரிப்போர்ட்பக்கில் பொதியின் பெயராக 'டபிள்யூஎன்பிபி' என்று கொடுத்தால் அதற்கான படிவம் வரும்.

ஸ்டேபிளில் இருப்பவர்களுக்கு ஒரு வாய்க்கால்

டெஸ்டிங்கிலுள்ள புதிய பதிப்பை ஸ்டேபிளுக்கு ஏற்றபடி மறுபடி தொகுத்துத் தருவதற்குப் பெயர் 'பேக்போர்ட்ஸ்'. லினக்ஸ் கெர்னல் வழக்கமாக அங்கே கிடைக்கும். ட்ரிக்ஸியின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தை உங்கள் மூலப் பட்டியலில் சேர்த்தாலும் எதுவும் தானாக மாறிவிடாது. எந்தப் பொதி அங்கிருந்து வேண்டும் என்று நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டால்தான் நிறுவப்படும். ஆகவே அச்சமில்லாமல் சேர்க்கலாம்.

நீங்கள் தேடும் பதிப்பு அங்கே இல்லாமல், டெஸ்டிங்கில் மட்டும் இருந்தால், பேக்போர்ட் செய்ய முடியுமா என்று பராமரிப்பாளரிடம் கேட்டு ஒரு விஷ்லிஸ்ட் வேண்டுகோள் பதியலாம். டெஸ்டிங்குக்கே வராததை இங்கே கேட்க முடியாது.

இதற்கெல்லாம் பொறுமையில்லாமல் அன்ஸ்டேபிள் களஞ்சியத்தை ஸ்டேபிள் கணினியில் கலந்து, ஒரே ஒரு பொதியை எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த ஒரு பொதி தன்னோடு அடிப்படை நூலகங்களையும் இழுத்து வரும். பிறகு உங்கள் கணினி ஸ்டேபிளும் இல்லை, அன்ஸ்டேபிளும் இல்லை.

மடல் போன பிறகு

சில நிமிடங்களில் ஒரு வழு எண் மின்னஞ்சலில் வரும். இனி எல்லாப் பேச்சும் அந்த எண்ணின் முகவரிக்கே. ஓரிரு மாதம் பொறுத்திருந்து ஒரு முறை நினைவூட்டலாம். அப்போதும் புதிய தகவல் ஏதாவது சேர்த்து எழுதுங்கள். இடையில் இன்னொரு பதிப்பு வந்திருந்தால் அதையும் முயன்று பார்த்த முடிவை எழுதலாம்.

கொஞ்சம் நிரல் அறிவு இருந்தால் நீங்களே புதிய பதிப்புக்குப் பொதியை மாற்றியமைத்து, சல்சாவில் இணைப்பு வேண்டுகோளாக (மெர்ஜ் ரிக்வெஸ்ட்) அனுப்பலாம். பராமரிப்பாளரின் பாரம் குறைய இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. பொதி நெடுங்காலமாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தால், அதைப் பொறுப்பேற்க விரும்புகிறவருக்கு 'சால்வேஜிங்' என்ற முறையான நடைமுறை இருக்கிறது. எண்ணத்தை வெளிப்படையாக அறிவித்து, 21 நாள் காத்திருந்து, மறுப்பு வராவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். புதியவர்கள் அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இதில் இறங்குவது நல்லது.

பதிப்பு ஏறும் நாளில் பராமரிப்பாளர் தம் மாற்றக் குறிப்பில் உங்கள் வழு எண்ணைக் குறிப்பிடுவார். களஞ்சியம் அதைப் படித்து வழுவைத் தானே மூடிவிடும், உங்களுக்கும் மடல் வரும். சோதித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அன்றே அந்தப் பொதியை ஒரு சோதனைக் கணினியில் நிறுவி, நின்றுபோன அந்தக் கோப்பைத் திறந்து பார்த்து, முடிவை இரண்டு வரியில் அதே எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்.